நியூயார்க்கின் லத்தீன் ஜாஸ் டிரம்மர்கள்: மேடையிலிருந்து வகுப்பறை வரை

நியூயார்க் நகரத்து லத்தீன் ஜாஸ் குழுக்களில் தாளக்காரரே பல தலைமுறைகளாகக் குழுத் தலைவராகவும் ஆசிரியராகவும் இருந்து வந்திருக்கிறார். 1942இல் மாச்சீட்டோவின் குழுவில் டிரம்ஸ் வாசிக்க உட்கார்ந்த டீட்டோ புவெந்தே முதல், இசைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு முழுப் பெரிய குழுவையே நடத்திய பாபி சனாப்ரியா வரை இந்த வரிசை நீள்கிறது. மற்ற ஜாஸ் குழுக்களில் டிரம்மர் பெரும்பாலும் பின்வரிசைக்காரர். பெயர் பெற்றவர்கள் டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ கலைஞர்கள். லத்தீன் ஜாஸில் நிலைமை மாறியதற்குக் காரணம் அந்த இசையின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

கிளாவே என்னும் கணக்கு

கியூப இசைக்கு அச்சாக இருப்பது கிளாவே என்ற தாள வடிவம். உருட்டிக் கடைந்த இரண்டு கட்டைகளுக்கும் அதே பெயர்தான். அவற்றை ஒன்றோடொன்று தட்டி இந்த வடிவத்தை ஒலிப்பார்கள். பதினாறு சம எண்ணிக்கைகளில் 1, 4, 7, 11, 13 ஆகிய ஐந்து இடங்களில் மட்டும் தட்டினால் 'சோன்' கிளாவே வந்துவிடும். முன்பாதியில் மூன்று தட்டு, பின்பாதியில் இரண்டு தட்டு என்பதால் இதை 3-2 என்கிறார்கள். இரண்டு தட்டுள்ள பாதியிலிருந்து பாடல் தொடங்கினால் அது 2-3. மூன்றாவது தட்டை 7லிருந்து 8க்குத் தள்ளினால் 'ரும்பா' கிளாவே. ஒரே ஓர் எண்ணிக்கை தள்ளியதிலேயே இசையின் நடை மாறிவிடும்.

கிளாவேயை யாரும் வெளிப்படையாகத் தட்டாமலே முழுப் பாடலும் ஓடலாம். கர்நாடகக் கச்சேரியில் தாளம் போடும் கை நின்றுவிட்டாலும் பாடகரும் மிருதங்கக்காரரும் ஆவர்த்தனக் கணக்கை மனத்தில் விடாமல் வைத்திருப்பதைப் போலவே, இங்கும் பியானோ, பாஸ், டிரம்பெட் எல்லாம் காதில் விழாத கிளாவேயை அனுசரித்தே நடக்க வேண்டும். பாடலின் நடுவே முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறக் கூடாது. மாறினால் அது 'குருசாதோ', அதாவது குறுக்கே விழுந்த கிளாவே. ஆடுகிறவர்களின் கால் உடனே தடுமாறும். ஆகவே குழுவில் யார் தவறினாலும் தாளக்காரர் தவறக் கூடாது. மற்றவர் தவறியதை முதலில் கண்டுபிடிப்பவரும் அவரே. ஏற்பாட்டாளர் எழுதிய ஒரு டிரம்பெட் வரி கிளாவேக்கு எதிராக விழுந்தால், அதைச் சுட்டிக் காட்டித் திருத்துவதும் அவர் வேலை. தலைமையும் கற்பித்தலும் இந்தப் பொறுப்பிலிருந்தே அவருக்கு வந்து சேர்ந்தன.

அவர் கையிலிருந்த முக்கியக் கருவி டிம்பாலே. கியூபாவின் மதான்சாஸ் நகரில் 1879 ஜனவரி 1 அன்று மிகேல் ஃபைல்தே தம் குழுவோடு 'தன்சோன்' என்ற நடன இசையை அரங்கேற்றினார். அந்தக் காலத்துத் தன்சோன் குழுக்களில் ஐரோப்பிய வாத்தியக் குழுவின் பெரிய டிம்பனி முரசுகள் இருந்தன. தூக்கிச் செல்லவே சிரமமான அவற்றுக்குப் பதிலாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆழம் குறைந்த உலோக உடலுடைய சிறு முரசுகள் வந்தன. மேலே ஒரு தோல், அடியில் திறப்பு, தாங்கியில் பொருத்திய ஜோடி. இன்று வழக்கமான அளவு 14 அங்குலமும் 15 அங்குலமும். மெல்லிய நேரான குச்சிகளால் தோலில் அடிப்பதோடு உலோகப் பக்கத்திலும் தட்டுவார்கள். பக்கத்தில் தட்டும் நடைக்குக் 'காஸ்கரா' என்று பெயர். பாடகர் பாடும்போது காஸ்கரா அடங்கி ஒலிக்கும். கூட்டுக்குரலும் பித்தளை வாத்தியங்களும் எழும்போது குச்சி மேலே பொருத்திய மணிக்கு மாறும். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதை 'அபனீக்கோ' என்ற படபடப்பான உருட்டல் அறிவிக்கும். குழுவுக்கு எப்போது என்ன நடக்கப் போகிறது என்று சொல்லும் சைகை டிம்பாலேயிலிருந்துதான் வந்தது.

ஹார்லெமில் சேர்ந்த இரண்டு மரபுகள்

1917இல் பியூர்டோ ரிக்கோ மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த பிறகு நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் அவர்களின் குடியேற்றம் பெருகியது. 'எல் பாரியோ' என்று அழைக்கப்பட்ட அந்த வட்டாரத்தில் கியூபர்களும் வாழ்ந்தார்கள். 1930இல் தோன் அஸ்பியாசுவின் ஹவானா குழு நியூயார்க் பேலஸ் தியேட்டரில் வாசித்தது. அவர்கள் பதிவு செய்த 'எல் மனிசேரோ' அமெரிக்கா முழுவதும் பிரபலமாகி, கியூபத் தாளக் கருவிகளின் ஒலியைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது.

அதே ஆண்டு ஹவானாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறியவர் மரியோ பௌசா. 1911இல் பிறந்த அவர் ஹவானா ஃபில்ஹார்மோனிக்கில் கிளாரினெட் வாசித்தவர். நியூயார்க்கில் டிரம்பெட்டுக்கு மாறினார். 1933இல் சிக் வெப்பின் குழுவில் சேர்ந்து, பின்பு அதன் இசை இயக்குநரானார். வெப் ஒரு டிரம்மர். முதுகெலும்புக் காசநோயால் உடல் வளர்ச்சி குன்றியிருந்தும், ஹார்லெமின் சவாய் நடன அரங்கில் உயர்ந்த மேடையில் அமர்ந்து குழுவை நடத்தினார். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை மேடையேற்றியதும் அவர் குழுதான். தாளக்காரர் தலைமை தாங்கினால் நடன அரங்கு எப்படி இயங்கும் என்பதைப் பௌசா பக்கத்திலிருந்து பார்த்த இடம் அது.

அதன்பின் பௌசா கேப் கேலவே குழுவில் வாசித்தார். அங்கே இளைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பிக்கு வாய்ப்பு வாங்கித் தந்ததும் அவர்தான். ஜாஸின் பித்தளை வாத்திய அமைப்பையும் கியூபத் தாளத்தையும் ஒரே குழுவில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அக்காலத்திலேயே உண்டு. அவருடைய மைத்துனர் ஃபிராங்க் கிரீயோ, அதாவது மாச்சீட்டோ, 1940இல் ஒரு குழுவைத் தொடங்கினார். பௌசா அடுத்த ஆண்டு அதில் இசை இயக்குநராகச் சேர்ந்தார். குழுவின் பெயர் 'மாச்சீட்டோவும் அவருடைய ஆஃப்ரோ-கியூபர்களும்'. ஆப்பிரிக்க வேரை ஒளிக்காமல் பெயரிலேயே அறிவிப்பது அந்தக் காலத்தில் துணிச்சலான செயல். 1943இல் இந்தக் குழு வாசித்த 'டங்கா', கிளாவேயை அடித்தளமாகக் கொண்ட முதல் ஜாஸ் படைப்பு என்று இசை வரலாற்றாசிரியர்கள் பலரும் கருதுகிறார்கள். ஜாஸ் ஹார்மனி மேலே, காங்கா, போங்கோ, டிம்பாலே முரசுகள் கீழே என்ற அடுக்கு அப்போதே அமைந்துவிட்டது. பின்பு வந்த லத்தீன் ஜாஸ் பெரிய குழுக்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அச்சு.

டீட்டோ புவெந்தே உருவான விதம்

எர்னஸ்டோ அந்தோனியோ புவெந்தே 1923 ஏப்ரல் 20 அன்று ஹார்லெம் மருத்துவமனையில் பிறந்தார். பெற்றோர் பியூர்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். தந்தை சவரபிளேடு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சிறுவன் பாத்திரங்களையும் ஜன்னல் சட்டங்களையும் தட்டிக்கொண்டே இருந்ததால் அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, தாய் அவனைப் பியானோ வகுப்பில் சேர்த்தார். பிறகு டிரம்ஸ் கற்றார். அவருக்கு ஆதர்சம் பென்னி குட்மன் குழுவில் டிரம்மராக இருந்த ஜீன் க்ரூபா. நடனமும் ஆடினார், கணுக்காலில் ஏற்பட்ட காயம் அந்த ஆசையை முடித்து வைத்தது. தம் இசைக்கு ஆடுகிறவர்களின் கால்களை அவர் கடைசிவரை கவனித்தே வாசித்ததற்கு அந்த நடனப் பயிற்சியும் ஒரு காரணம்.

பத்தொன்பது வயதில் மாச்சீட்டோ குழுவில் இடம் கிடைத்தது. அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ் தெரிந்தவர், பித்தளை வாத்தியக்காரர்களின் அழுத்தங்களைக் குறிப்பு பார்த்து வாசிக்கக் கூடியவர், அதோடு டிம்பாலேயும் அறிந்தவர் என்ற சேர்க்கை அரிது. ஆனால் அதே 1942இல் கடற்படை அவரை அழைத்துக்கொண்டது. 'சாண்டி' என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலில் பணிபுரிந்தபடியே கப்பல் இசைக்குழுவில் சாக்ஸபோனும் டிரம்ஸும் வாசித்தார். முன்னாளில் பெரிய குழுவொன்றுக்கு இசை ஏற்பாடு செய்திருந்த விமானி ஒருவர் அங்கே அவருக்கு ஏற்பாட்டுக் கலையைச் சொல்லிக் கொடுத்தார்.

போர் முடிந்ததும், படைவீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் சட்டத்தின் உதவியால் ஜூலியர்ட் இசைப் பள்ளியில் 1945 முதல் 1947 வரை படித்தார். குழு நடத்துதல், வாத்திய அமைப்பு, இசைக் கோட்பாடு ஆகியவை அவர் பாடங்கள். பகலில் ஜூலியர்டில் ஐரோப்பிய இசை. இரவில் ஹோசே குர்பெலோ போன்றோரின் நடனக் குழுக்களில் டிம்பாலே. கிளாவே எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அதை மூத்த கலைஞர்களின் பக்கத்தில் நின்றுதான் கற்க முடிந்தது. எழுத்தறிவும் கேள்வியறிவும் சேர்ந்த இந்த இரட்டைப் படிப்பே புவெந்தேயின் பலம். பின்வந்த தலைமுறைக்கு அதுவே வழியாயிற்று.

பல்லேடியத்தின் மேடையில்

பிராட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் முனையில், மாடியில் இருந்தது பல்லேடியம் நடன அரங்கு. வியாபாரம் மந்தமாகி வந்த நிலையில், 1940களின் இறுதியில் ஃபெதெரிக்கோ பகானி என்ற ஏற்பாட்டாளரின் யோசனைப்படி லத்தீன் இசைக்கு அது திறந்துவிடப்பட்டது. பியூர்டோ ரிக்கர், கியூபர், கறுப்பினத்தவர், யூதர், இத்தாலியர் என எல்லாரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். மன்ஹாட்டன் நடுப்பகுதியில் அன்று அது அரிய காட்சி. புதன்கிழமைகளில் 'கில்லர் ஜோ' பீரோ மாம்போ நடனம் சொல்லிக் கொடுப்பார். அன்றுதான் பிரபலங்கள் கூடுவார்கள். நடிகர் மார்லன் பிராண்டோ போங்கோ தட்டியதும் அங்கேதான்.

புவெந்தே சொந்தக் குழு அமைத்தபோது அதற்கு 'பிக்கடில்லி பாய்ஸ்' என்று பெயர் வைத்தவர் பகானி. 1949இல் 'அபனீக்கீட்டோ', 'ரான் கான் கான்' ஆகியவை பதிவாயின. அக்காலத்தில்தான் டிம்பாலே பின்வரிசையிலிருந்து மேடையின் முன்பக்கத்துக்கு வந்தது. புவெந்தே நின்றுகொண்டு வாசித்தார். வாசிப்பவரே குழுவின் இயக்குநராக இருந்ததால், பித்தளை வாத்தியக்காரர்கள் அவர் குச்சியைப் பார்த்தே நுழைவதும் நிறுத்துவதும் ஆயிற்று. தலையசைப்பு, தோள், குச்சியின் வீச்சு எல்லாமே கட்டளையாயின. கூட்டத்துக்கு அது வேடிக்கை. குழுவுக்கு அது வழிகாட்டல். பின்னாளில் லத்தீன் குழுக்களில் டிம்பாலேக்காரர் முன்னால் நிற்பது வழக்கமானதற்கு அந்த ஏற்பாடே தொடக்கம்.

பல்லேடியத்தின் 'மூன்று பெரியவர்கள்' மாச்சீட்டோ, புவெந்தே, பாடகர் டீட்டோ ரோட்ரிகெஸ். சுவரொட்டியில் யார் பெயர் மேலே வர வேண்டும் என்பதில் இரண்டு டீட்டோக்களுக்கும் இருந்த போட்டி ஊரறிந்தது. ஒரு தெரு தள்ளி, 1949 டிசம்பரில் திறக்கப்பட்ட 'பேர்ட்லேண்ட்' ஜாஸ் அரங்கு இருந்தது. இடைவேளையில் ஜாஸ்காரர்கள் மாம்போ கேட்கவும், மாம்போக்காரர்கள் ஜாஸ் கேட்கவும் இங்கும் அங்கும் நடந்தார்கள். கில்லெஸ்பி இதற்கு முன்பே, பௌசாவின் பரிந்துரையில் கியூப முரசுக் கலைஞர் சானோ பொஸோவைத் தம் குழுவில் சேர்த்திருந்தார். 1947 செப்டம்பரில் அவர்கள் கார்னெகி ஹாலில் வாசித்தார்கள். ஆண்டு முடிவதற்குள் 'மந்தேகா' பதிவாயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் பொஸோ ஹார்லெம் மதுக்கடை ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான அந்தக் கூட்டணியின் பாதிப்பு ஜாஸ் டிரம்மர்கள் அனைவரிடமும் தங்கிவிட்டது.

புவெந்தேயின் குழு ஒரு பயிற்சிக் கூடமாகவும் இருந்தது. கியூபாவிலிருந்து வந்த மோங்கோ சாந்தமரியா அங்கே காங்கா வாசித்தார். கிழக்கு ஹார்லெமின் இளைஞர் வில்லி போபோ போங்கோவில் இருந்தார். 1956இல் வெளியான 'புவெந்தே இன் பெர்கஷன்' இசைத்தட்டில் பித்தளை வாத்தியங்களே இல்லை. தாளக் கருவிகளும் பாஸும் மட்டுமே போதும் என்று ஒரு முழுத் தட்டையே வெளியிடுவது அன்று பதிவு நிறுவனங்கள் தயங்கிய காரியம். மோங்கோவும் போபோவும் 1957இல் கேல் ஜேடர் குழுவுக்குப் போன பிறகு, மோங்கோவின் இடத்தில் ரே பர்ரெட்டோ வந்தார். இவர்கள் மூவரும் பின்னாளில் தாங்களே குழுத் தலைவர்களானார்கள். மோங்கோ 1963இல் வெளியிட்ட 'வாட்டர்மெலன் மேன்' அமெரிக்கப் பொது வரிசையின் முதல் பத்துப் பாடல்களுக்குள் வந்தது. புவெந்தேயின் 1958ஆம் ஆண்டுத் தட்டான 'டான்ஸ் மேனியா'வை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கிறது.

அரங்குகள் மூடிய பிறகு

1959இன் கியூபப் புரட்சியும் அதன்பின் வந்த வணிகத் தடையும் ஹவானாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான போக்குவரத்தை நிறுத்தின. புதிய தாளங்கள், புதிய கலைஞர்கள் என்ற வரவு நின்றது. பல்லேடியம் மதுவிற்பனை உரிமத்தை இழந்து 1966இல் மூடப்பட்டது. இருபது பேர் கொண்ட குழுவுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடிய அரங்குகள் குறைந்தன. இளைஞர்கள் ராக் பக்கமும், ஆங்கிலச் சொற்களோடு வந்த பூகலூ பக்கமும் போனார்கள்.

அந்த நெருக்கடியில் புவெந்தேயைக் காப்பாற்றியது ஓர் எளிய பாடல். 1960களின் தொடக்கத்தில் வெளியான 'எல் ரேய் பிராவோ' தட்டில் இருந்த 'ஓயே கோமோ வா', கியூபக் கலைஞர் கச்சாவோவின் 'சஞ்சூயோ' என்ற பழைய பாடலின் தொடக்கத்தை ஒட்டி அமைந்தது. 1970இல் கார்லோஸ் சந்தானா தம் 'அப்ராக்ஸஸ்' தட்டில் அதை மின்கித்தாரோடு வாசித்தார். உலகம் முழுவதும் விற்ற அந்தத் தட்டிலிருந்து வந்த உரிமத் தொகை புவெந்தேக்குத் தொடர்ந்து கிடைத்தது. அதே காலத்தில் ஃபானியா நிறுவனம் இந்த இசையையெல்லாம் 'சால்சா' என்ற பெயரில் விற்றது. சால்சா என்றால் தாம் சாப்பிடுகிற குழம்பு, தாம் வாசிப்பது கியூப இசை என்று புவெந்தே விடாமல் சொல்லி வந்தார். ஆனாலும் அந்தச் சந்தையே அவரை மீண்டும் மேடையேற்றியது.

1980களில் புவெந்தே ஒரு சிறிய லத்தீன் ஜாஸ் குழுவோடு காங்கர்ட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். நடன அரங்குகளுக்குப் பதில் ஜாஸ் விழாக்கள், கச்சேரி மண்டபங்கள், பல்கலைக்கழகங்கள் அவருடைய மேடையாயின. இளம் தாளக்காரர்களுக்காக ஒரு கல்வி உதவித்தொகை நிதியையும் ஏற்படுத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகளை வெளியிட்டுவிட்டு 2000 மே மாத இறுதியில், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலமானார். அவர் வளர்ந்த கிழக்கு 110ஆம் தெருவுக்கு 'டீட்டோ புவெந்தே வே' என்று பெயரிடப்பட்டது.

மேடைப் பாடம் கல்லூரிப் பாடமாதல்

அரங்குகள் இருந்தவரை அரங்கே பள்ளி. இளைஞன் மேடைக்குப் பக்கத்தில் நிற்பான், மூத்தவர் கைமாற்றிக் கொடுக்கும்போது ஒரு பாட்டுக்கு வாசிப்பான், தவறினால் இறக்கிவிடப்படுவான். அரங்குகள் போன பிறகு அந்தப் பயிற்சிக்கு வேறு இடம் தேவைப்பட்டது. 1960களின் இறுதியில் பூகலூ கலைஞர் ஜானி கொலோன் கிழக்கு ஹார்லெமில் இசைப் பள்ளி தொடங்கினார். அதே வட்டாரத்தின் ஹார்பர் கன்சர்வேட்டரியும் கிளாவே, காங்கா, டிம்பாலே ஆகியவற்றை முறைப்படி கற்பித்தது. பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரி ஜாஸுக்கெனவே பாடத்திட்டம் வகுத்திருந்தது. லத்தீன் வட்டாரங்களிலிருந்து மாணவர்கள் அங்கேயும் போகத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் பாபி சனாப்ரியா. 1957இல் தெற்கு பிராங்ஸில் பியூர்டோ ரிக்கோ குடும்பத்தில் பிறந்த அவர், 1975 முதல் 1979 வரை பெர்க்லியில் படித்துப் பட்டம் பெற்றார். அவர் வளர்ந்த காலத்தில் தெற்கு பிராங்ஸ் எரிந்த கட்டடங்களாலும் வேலையின்மையாலும் செய்தியில் அடிபட்டது. அதே தெருக்களில் மாம்போ, சால்சா, ஃபங்க் எல்லாம் ஒலித்தன. நியூயார்க் திரும்பிய சனாப்ரியா மோங்கோ சாந்தமரியா, ரே பர்ரெட்டோ, கில்லெஸ்பி, பக்கீட்டோ திரிவேரா, சிக்கோ ஒஃபாரில் என எல்லாரோடும் வாசித்தார். முழு டிரம்ஸ் செட்டில் இரண்டு கையும் இரண்டு காலுமாக டிம்பாலே, மணி, காங்கா ஆகிய மூன்றின் வேலையையும் பிரித்து வாசிக்கும் முறை அதற்குள் வளர்ந்திருந்தது. வலக்கை காஸ்கராவைப் பிடிக்கும், இடக்கை தோலில் காங்காவின் பதிலைச் சொல்லும், வலக்கால் பாஸோடு சேரும். இடக்காலால் மணியொன்றைத் தட்டிக் கிளாவேயை ஒலிக்கச் செய்யும் வழக்கமும் பிற்காலத்தில் பரவியது. ஹவானாவில் குயெர்மோ பரெத்தோவும் வால்ஃப்ரெதோ தெ லோஸ் ரேயஸும், நியூயார்க்கில் ஸ்டீவ் பெரியோஸும் இந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள்.

சனாப்ரியாவின் வாழ்வில் பெரிய வாய்ப்பு, முதுமையில் சொந்தக் குழுவோடு மீண்டும் வந்த மரியோ பௌசாவின் ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்மராக அமர்ந்தது. 1992இல் 'டங்கா சூட்' வெளிவந்தது. 1943இல் பிறந்த பாடலே அதில் பல பகுதிகளாக விரிந்திருந்தது. மறு ஆண்டு ஜூலையில் பௌசா இறந்தார். அந்தக் குழுவில் சனாப்ரியா கற்றது வாசிப்பை விடப் பெரிய விஷயம்: இசைக் குறிப்பில் எழுதியிருப்பதற்கும் அதை வாசிக்க வேண்டிய நடைக்கும் உள்ள இடைவெளி. அதை எழுத்தில் கொடுக்க முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

1993இல் 'நியூயார்க் சிட்டி அசே' என்ற தட்டோடு அவர் தலைவராக அறிமுகமானார். 2000இல் வெளிவந்த 'லைவ் அண்ட் இன் கிளாவே' கிராமி பரிந்துரை பெற்றது. அதே காலத்தில் நியூ ஸ்கூலிலும் மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கிலும் ஆசிரியரானார். மன்ஹாட்டன் பள்ளியில் ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய அவர், பழைய பல்லேடியம் இசைக் குறிப்புகளை மாணவர்களின் கையில் கொடுத்தார். மாச்சீட்டோவின் 1950களின் தட்டான 'கென்யா'வை அந்த மாணவர் குழு முழுமையாக அரங்கேற்றி, 'கென்யா ரீவிசிட்டட் லைவ்' என்று 2009இல் வெளியிட்டது. புவெந்தேயின் படைப்புகளுக்கும் அவ்வாறே ஒரு தட்டு வந்தது.

மாணவரின் முதல் சிக்கல் எப்போதும் ஒன்றுதான். டிரம்பெட்டில் தேர்ந்த மாணவர் குறிப்பை ஒரு தவறும் இல்லாமல் வாசிப்பார். ஆனால் கிளாவேயோடு மோதும் இடத்தில் அழுத்தத்தை வைப்பார். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையால் கிளாவே தட்டியபடி வரியைப் பாட வைத்தால் அது சரியாகும். பல்லேடியத்தில் மூத்தவர்கள் கண்ணால் சைகை காட்டித் திருத்தியதை வகுப்பில் ஆசிரியர் தட்டிக் காட்டித் திருத்துகிறார். முறை மாறியிருக்கிறது, சரி எது என்பதை முடிவு செய்யும் கிளாவே மாறவில்லை.

கிராமிப் போராட்டம்

லத்தீன் ஜாஸ் தட்டுகளுக்குத் தனிக் கிராமி விருது 1995இல் தொடங்கியது. முதல் விருது அர்துரோ சந்தோவாலின் 'தன்சோன்' தட்டுக்கு. 2011 ஏப்ரலில் விருதுகளை வழங்கும் அமைப்பு 109 பிரிவுகளை 78ஆகக் குறைப்பதாக அறிவித்தது. நீக்கப்பட்டவற்றில் லத்தீன் ஜாஸும் ஒன்று. பொது ஜாஸ் பிரிவில் போட்டியிடலாம் என்பது அமைப்பின் வாதம். ஆண்டுதோறும் சில தட்டுகளே வெளியாகும் ஒரு மரபுக்கு அது கதவை மூடுவதற்குச் சமம் என்றார் சனாப்ரியா. எதிர்ப்பைத் திரட்டியவர்களில் அவர் முன்னணியில் நின்றார்; ஆகஸ்ட் மாதம் மூன்று கலைஞர்களுடன் சேர்ந்து நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். 2012 ஜூனில் அமைப்பு லத்தீன் ஜாஸ் பிரிவைத் திரும்பக் கொண்டு வந்தது.

2018இல் அவர் வெளியிட்ட 'வெஸ்ட் சைட் ஸ்டோரி ரீஇமாஜின்ட்', லெனர்ட் பெர்ன்ஸ்டீனின் நூற்றாண்டையொட்டி வந்தது. நியூயார்க்கின் பியூர்டோ ரிக்கர்களைப் பற்றி 1957இல் பியூர்டோ ரிக்கர் அல்லாதோர் எழுதிய இசை நாடகத்தை, கியூப, பியூர்டோ ரிக்க, பிரேசில் தாளங்களில் அவருடைய பெரிய குழு மீண்டும் வாசித்தது. வருவாயில் ஒரு பகுதி மரியா புயலால் பாதிக்கப்பட்ட பியூர்டோ ரிக்கோவின் இசைக்கலைஞர்களுக்குப் போனது. அந்தத் தட்டும் லத்தீன் ஜாஸ் பிரிவில் கிராமி பரிந்துரை பெற்றது.

இந்த வரலாற்றில் டிரம்மர், குழுத் தலைவர், ஆசிரியர் என்ற மூன்றும் தனித்தனிப் பதவிகளாக இருந்ததில்லை. கிளாவேயைக் காப்பவரிடமே குழுவும் வந்தது. குழு வந்தவரிடமே அடுத்த தலைமுறையும் வந்தது. பௌசா பல்லேடியத்துக்கு முன்பே செய்ததையும், புவெந்தே மேடையின் முன்பக்கத்தில் செய்ததையும், சனாப்ரியா வகுப்பறையில் செய்திருக்கிறார். லத்தீன் ஜாஸ் அரங்குகள் மூடியும் அழியாமல் இருப்பதற்கு இசைத்தட்டுகளை விட இந்தக் கைமாற்றமே பெரிய காரணம்.